கூரைகள் போட்ட ஓட்டு

ஆஸ்திரேலியாவின் லோவி ஆய்வு நிறுவனம் ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாகத் தன் நாட்டு மக்களிடம் கேட்டுவருகிறது. புவி வெப்பமாதல் உடனே கவனிக்க வேண்டிய பிரச்சினை, பெருஞ்செலவு ஆனாலும் இப்போதே செயலில் இறங்க வேண்டும் என்ற கூற்றை ஏற்கிறீர்களா என்பது அந்தக் கேள்வியின் சாரம். 2006-ல் நூற்றுக்கு 68 பேர் ஏற்றார்கள். 2012-ல் ஏற்றவர்கள் 36 பேர். ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேர் மனம் மாறியிருந்தார்கள். மக்கள் இன்னும் தயாராகவில்லை, அரசு மட்டும் என்ன செய்ய முடியும் என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்த நாட்டின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடப்பது தெரிகிறது. கட்சிகள் தடுமாறிய பிறகுதான் மக்கள் தடுமாறினார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்த இடத்தில் அவர்கள் எந்த அரசையும்விட வேகமாக நடந்தார்கள்.

முதலில் அந்த நாடு நிலக்கரியோடு எவ்வளவு ஆழமாகப் பிணைந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பியர் குடியேறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1799-ல், நியூகாசில் என்று பின்னர் பெயர்பெற்ற கழிமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்று வங்காளத்துக்குப் புறப்பட்டது. அந்தக் குடியேற்றத்தின் முதல் ஏற்றுமதிகளில் ஒன்று அது. விக்டோரியா மாநிலத்தின் லாட்ரோப் பள்ளத்தாக்கில் நம் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. 1920-களில் ஜான் மோனாஷ் என்ற பொறியாளர் தலைமையில் மாநில மின்சார ஆணையம் அங்கே யல்லோர்ன் என்ற ஊரையும் மின்நிலையத்தையும் எழுப்பியது. மலிவான மின்சாரம், அதை நம்பி வந்த ஆலைகள், தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலை என்று ஒரு வாழ்க்கையே அதன் மேல் நின்றது. ஆகவே எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. அந்த எதிர்ப்பு எப்போது எழுந்தது, யார் எழுப்பினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

1980-களின் கடைசியில் எதிர்ப்பென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில் உள்ள கேப் கிரிம் நிலையம் 1976-லிருந்து காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்துவந்தது. 1987-லும் 1988-லும் விஞ்ஞானிகள் நடத்திய மாநாடுகள் செய்தியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. 1988 மாநாடு பல நகரங்களில் ஒரே சமயத்தில் நடந்தது. 1990 தேர்தலில் லிபரல் கட்சி, 2000-க்குள் உமிழ்வை 20 சதவீதம் குறைப்போம் என்று வாக்குறுதி கொடுத்தது. பின்னாளில் எந்தக் கட்சி இந்த முயற்சிகளை முறியடித்ததோ அதே கட்சி. பாப் ஹாக்கின் தொழிற்கட்சி அரசு அதே ஆண்டு அக்டோபரில் 2005-க்குள் 20 சதவீதம் என்ற இலக்கை அறிவித்தது. பொருளாதாரத்துக்கும் ஏற்றுமதிப் போட்டிக்கும் பாதகம் வராத வரையில் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஒற்றை வரி இலக்கை விழுங்கிவிட்டது. 1995-ல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜான் ஃபாக்னர் சிறிய கார்பன் வரி ஒன்றை முன்வைத்தபோது தொழில்துறை எதிர்த்தது. அரசு அதைக் கைவிட்டு, நிறுவனங்கள் விரும்பினால் சேரலாம் என்ற தன்னார்வத் திட்டத்தோடு நின்றுகொண்டது. அந்த வரியை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வரவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

லிபரல் கட்சியின் ஜான் ஹோவர்டின் பதினோரு ஆண்டு ஆட்சியில் இந்தப் போக்கு கொள்கையாகவே ஆனது. 1997-ல் கியோட்டோவில் வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைக்க ஒப்புக்கொண்டபோது, கூட்டிக்கொள்ள அனுமதி வாங்கிய மூன்றே நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று. 1990-ன் அளவில் 108 சதவீதம் வரை போகலாம். காடழிப்பையும் கணக்கில் சேர்க்கும் ஒரு பிரிவையும் அது போராடிப் பெற்றது. 1990-ல் குயின்ஸ்லாந்தில் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டதால் தொடக்கக் கணக்கு உயர்ந்து நின்றது. பிறகு வெட்டுவது குறைந்ததும், அனல்மின் நிலையங்களின் புகை கூடிக்கொண்டே போனபோதும் இலக்கு எட்டியதாகக் கணக்குக் காட்ட முடிந்தது. இவ்வளவு சலுகை பெற்ற ஒப்பந்தத்தையும் 2002-ல் ஹோவர்ட் ஏற்க மறுத்தார். 2006 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சியான ஏபிசி-யின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று, நிலக்கரி, எண்ணெய், அலுமினியத் துறைகளின் தரகர்கள் அரசின் கொள்கை ஆவணங்களை எழுதுவதிலேயே பங்கெடுத்ததைப் பற்றிப் பேசியது. அவர்கள் தங்களைத் தாங்களே மாஃபியா என்று அழைத்துக்கொண்டார்கள் என்பதை, லிபரல் கட்சியின் உறுப்பினராக இருந்தபடியே அவர்களைப் பேட்டி கண்டு ஆராய்ந்த கை பியர்ஸ் வெளியே சொன்னார். இந்தக் காலம் முழுவதும் அரசு செயல்படாமல் இருந்ததற்கும் பொதுக்கருத்துக்கும் தொடர்பே இல்லை. மக்கள் அப்போது 68 சதவீதத்தில் இருந்தார்கள்.

அந்த 68 எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய நீண்ட வறட்சி அப்போது உச்சத்தில் இருந்தது. மர்ரி-டார்லிங் ஆற்றுப் படுகையில் நெல்லும் பழத்தோட்டங்களும் காய்ந்தன. 2007-ல் பிரிஸ்பேனின் அணைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீரே இருந்தது. பெர்த் நகரம் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியிருந்தது. வறட்சியால் ஹோவர்டே அசைந்துகொடுத்தார். 2007 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும், நிறுவனங்கள் உமிழ்வுக்கான உரிமங்களை வாங்கி விற்கும் உமிழ்வு வர்த்தகத் திட்டம் கொண்டுவருவோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டன. தொழிற்கட்சியின் கெவின் ரட் வென்றார். பதவியேற்ற கையோடு, டிசம்பர் 3 அன்று, கியோட்டோ ஒப்பந்தத்தை ஏற்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். மக்கள் ஆதரவு, எதிர்க்கட்சியின் ஒப்புதல், நாடாளுமன்றக் கீழவையில் பெரும்பான்மை என மூன்றும் ஒருசேரக் கிடைத்த தருணம் அது. அப்படி ஒன்று அந்த நாட்டுக்குப் பின்பு வாய்க்கவில்லை.

ரட் அரசு இரண்டு ஆண்டுகள் வரைவுகளோடு மல்லாடியது. ஒவ்வொரு வரைவிலும் பெரிய ஆலைகளுக்கு இலவச உரிமங்கள் கூடின. பசுமைக் கட்சி, இது மாசுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் என்று எதிர்த்தது. லிபரல் தலைவர் மால்கம் டர்ன்புல் பேச்சுவார்த்தை நடத்தி ஆதரிக்க முன்வந்தார். 2009 டிசம்பர் 1 அன்று அவருடைய கட்சி எம்.பி.க்களே அவரை ஒரே ஒரு ஓட்டில், 42-க்கு 41 என்று, இறக்கிவிட்டு டோனி அபட்டைத் தலைவராக்கினார்கள். மறுநாள் செனட்டில் மசோதா தோற்றது. தலைவரின் கட்டளையை மீறி இரண்டு லிபரல் பெண் செனட்டர்கள் ஆதரித்து ஓட்டளித்தார்கள். பசுமைக் கட்சி எதிர்த்து ஓட்டளித்தது. நம் தலைமுறையின் பெரிய அறச் சவால் என்று பருவநிலை மாற்றத்தை வருணித்த ரட், இரு அவைகளையும் கலைத்துத் தேர்தலுக்குப் போயிருக்கலாம். அதற்கான அரசியல் சட்ட வாய்ப்பு அவர் கையில் இருந்தது. அவர் 2010 ஏப்ரலில் திட்டத்தைத் தள்ளிப்போட்டார், இரண்டே மாதத்தில் பதவியையும் இழந்தார். இவ்வளவு பெரிய ஆபத்து என்று சொன்னவரே அதைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கலாம் என்றால், சொன்னது உண்மைதானா என்று சாதாரண வாக்காளர் சந்தேகப்பட்டதைக் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்துத் தொழிற்கட்சித் தலைவராக வந்த ஜூலியா கில்லர்ட், தன் ஆட்சியில் கார்பன் வரி இராது என்று தேர்தலுக்கு முன் சொல்லியிருந்தார். சிறுபான்மை அரசு அமைந்ததும் பசுமைக் கட்சியோடும் சுயேச்சைகளோடும் சேர்ந்து, டன்னுக்கு 23 டாலர் என்று தொடங்கும் கார்பன் விலையைச் சட்டமாக்கினார். 2012 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. விலையைக் கட்டியவை சில நூறு பெரிய நிறுவனங்கள். அதிலிருந்து வந்த பணத்தைக் கொண்டு குடும்பங்களின் வருமான வரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தப்பட்டது. பொது விலைவாசி 0.7 சதவீதம் உயரும் என்று கருவூலம் கணித்தது. அபட்டோ, வையாலா என்ற எஃகு நகரமே வரைபடத்திலிருந்து மறைந்துவிடும் என்று ஊர் ஊராகச் சொன்னார். வையாலா மறையவில்லை. மின்துறையின் உமிழ்வு அந்த இரண்டு ஆண்டுகளில் குறைந்தது. மின்தேவை குறைந்ததும் அணைகளிலிருந்து கூடுதலாக நீர்மின்சாரம் எடுத்ததும் அதற்கு உதவின என்பதையும் சொல்ல வேண்டும். 2013 தேர்தலில் அபட் வென்றார். 2014 ஜூலை 17 அன்று செனட் 39-க்கு 32 என்ற கணக்கில் சட்டத்தை நீக்கியது. வரி விலக்கு வரம்பு மட்டும் 18,200-லேயே இருந்தது. 2017-ல் அபட்டின் அலுவலகத்தின் முன்னாள் தலைவர் பீட்டா கிரெட்லின் தொலைக்காட்சியில் பேசும்போது, அது வரியே அல்ல, அரசியலுக்காக நாங்கள்தான் அதை வரி என்று ஆக்கினோம் என்று ஒப்புக்கொண்டார். 36 சதவீதம் என்ற எண்ணை எப்படித் தயாரித்தார்கள் என்பதற்கு அந்த ஒப்புதல் போதும்.

கருத்து சரிந்ததற்குக் கட்சிகள் காரணமில்லை, மழையும் பணமும்தான் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது, 2010-ல் வறட்சி முடிந்து வெள்ளமே வந்தது, கவலை கரைந்துவிட்டது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2008-ல் 60-ஆக இருந்த லோவி எண் 2009-ல், அபட் தலைவராகும் முன்பே, 48-க்கு இறங்கிவிட்டது. ஆனால் மழையும் பணமும் மட்டுமே காரணம் என்றால், எண் திரும்ப ஏறிய விதத்தை விளக்க முடியாது. 2013-ல் 40, 2014-ல் 45, 2015-ல் 50. இந்த ஏற்றம் தொடங்கியது கார்பன் விலை நடைமுறையில் இருந்த காலத்தில். சட்டம் வரும் என்ற பேச்சு பயமுறுத்தியது. வந்த பிறகு ஜூலை 2-ஆம் தேதியும் கடையில் பால் அதே விலைக்குக் கிடைத்ததைப் பார்த்ததும் பயம் தணிந்தது. அதற்குள் அரசு மாறிவிட்டது.

இனி நான் முதலில் சொன்ன பிடிக்கு வருகிறேன். ஹோவர்ட் அரசு 2001-ல் ஒரு சிறிய சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான சான்றிதழ்களை வாங்கி ஒப்படைத்தாக வேண்டும் என்பது அது. 2010-க்குள் 9,500 கிகாவாட் மணி என்ற அதன் இலக்கு மிகச் சிறியது. ஆனால் அதன் உள்ளே ஓர் ஏற்பாடு இருந்தது. வீட்டுக்கூரையில் சோலார் பேனல் வைத்தால், அது வரப்போகும் பல ஆண்டுகளில் தரக்கூடிய மின்சாரத்துக்கான சான்றிதழ்கள் முதல் நாளே கிடைத்துவிடும். பேனல் பொருத்த வருபவரே அவற்றை எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பை விலையில் கழித்துக்கொள்வார். வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, கழித்தது போக மீதியைக் கொடுத்தால் போதும். 2007-ல் ஹோவர்டே தனி மானியத்தை 8,000 டாலர் வரை உயர்த்தினார். 2008-லிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும், வீட்டிலிருந்து மின் வலைப்பின்னலுக்குத் தரும் உபரி யூனிட்டுக்கு 44 சென்ட் கொடுத்தன. நியூ சவுத் வேல்ஸ் 60 சென்ட் கொடுத்து, திணறி, சில மாதங்களிலேயே அதை 20-ஆகக் குறைத்து, பிறகு புதியவர்களுக்கு மூடிவிட்டது. இந்தச் சலுகைகளை அரசுகள் அவசரமாகத் திறந்து அவசரமாக மூடின. சான்றிதழ் ஏற்பாடு மட்டும் மூடப்படாமல் நின்றது. சீனாவில் பேனல் விலை சரியச் சரிய, 2013-ல் பத்து லட்சம் கூரைகள், 2021-ல் முப்பது லட்சம், 2024-ல் நாற்பது லட்சம் என்று ஆனது. இன்று அங்கே ஏறத்தாழ மூன்று வீடுகளில் ஒன்றின் மேல் பேனல் இருக்கிறது. 2020 அக்டோபர் 11 அன்று ஒரு மணி நேரம், தெற்கு ஆஸ்திரேலியாவின் மொத்த மின்தேவைக்கும் வெயிலே போதுமானதாக இருந்தது.

2014, 2015 ஆண்டுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதே நாடாளுமன்றம், அதே பிரதமர். கார்பன் விலை போனது. பருவநிலை ஆணையம் அதற்கும் முன்பே, 2013 செப்டம்பரில், கலைக்கப்பட்டது. (அதன் விஞ்ஞானிகள் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். ஒரே வாரத்தில் சுமார் பத்து லட்சம் டாலர் சேர்ந்து, அது தனியார் அமைப்பாக மறுபிறவி எடுத்தது.) 2020-க்கான பெரிய மின்நிலையங்களின் இலக்கு 41,000 கிகாவாட் மணியிலிருந்து 33,000 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டுக்கூரைச் சான்றிதழை மட்டும் தொட முடியவில்லை. அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதைப் பயன்படுத்தியிருந்தன. அந்த வீடுகளில் அபட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஏராளம். கருத்துக்கணிப்பில் ஆம் என்று சொன்னவரின் மனத்தை ஒரு தேர்தல் பிரச்சாரம் மாற்றிவிடலாம். கூரையில் பேனல் ஏற்றியவரிடமிருந்து அதை இறக்க எந்தப் பிரச்சாரத்தாலும் முடியாது.

அவர்கள் பூமியைக் காக்கவா பேனல் வைத்தார்கள், மின்கட்டணத்தைக் குறைக்கத்தானே என்று கேட்கலாம். பெரும்பாலோர் கட்டணத்துக்காகத்தான் வைத்தார்கள் என்றே எடுத்துக்கொள்வோம். அதனால் என் வாதம் பலவீனப்படவில்லை. மனச்சாட்சியும் பணப்பையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்படி ஒரு கொள்கையை வகுத்துவிட்டு, மக்கள் பணப்பையின் பக்கம் போய்விட்டார்கள் என்று புலம்புவது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே திசையில் நிறுத்துவது அரசால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. இந்த வழியின் உண்மையான குறை வேறு. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. சொந்தக் கூரை இல்லாதவர்கள், 44 சென்ட் சலுகையின் செலவைத் தங்கள் மின்கட்டணத்தின் வழியே சுமந்தார்கள். அரசு முன்னின்று பொது மின்நிலையங்களைக் கட்டியிருந்தால் அந்தப் பலன் எல்லோருக்கும் போயிருக்கும். கூரைகளின் வெற்றி ஒரு வகையில் அரசின் தோல்விக்கும் அளவுகோல்.

மக்கள் 2013-லும் 2019-லும் எதிர்த்துத்தானே ஓட்டுப் போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. 2019-ல் தொழிற்கட்சி தோற்ற விதத்தை எல்லோரும் குயின்ஸ்லாந்தை வைத்தே சொல்வார்கள். அங்கே கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் வேண்டும் என்ற அலை அடித்தது. அதே குயின்ஸ்லாந்துதான் கூரைச் சூரியசக்தியில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம். பண்டபர்க் என்ற கரும்பு ஊர், பல ஆண்டுகளாக லிபரல் கட்சியின் கூட்டாளியான நேஷனல் கட்சியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவந்த ஊர், அதிகப் பேனல்கள் உள்ள அஞ்சல் குறியீடுகளில் ஒன்று. ஒரே குடும்பம் சுரங்கத்துக்கு ஓட்டும் போடுகிறது, கூரையில் பேனலும் வைக்கிறது. அந்த ஓட்டில் வேலை, வரி, தலைவரின் மீதுள்ள நம்பிக்கை, தலைநகரத்தின் மீதுள்ள கோபம் எல்லாம் கலந்திருக்கின்றன. அந்தச் சுரங்கத்தைத் தோண்டிய அதானி குழுமம்தான் 2016-ல் நம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தையும் திறந்தது. சட்டம் எந்த வழியைத் திறந்துவைக்கிறதோ அந்த வழியில் நிறுவனமும் போகிறது, வீட்டுக்காரரும் போகிறார்.

சுரங்க ஊர்களின் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். லாட்ரோப் பள்ளத்தாக்கின் ஹேசல்வுட் நிலையம் 1,600 மெகாவாட் திறன் கொண்டது. அதை மூடப்போவதாக 2016 நவம்பரில் நிறுவனம் அறிவித்தது, 2017 மார்ச் இறுதியில் மூடிவிட்டது. ஐந்தே மாதம். எந்தக் கார்பன் சட்டமும் அப்போது நடைமுறையில் இல்லை. கிழடான இயந்திரமும் சந்தையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மறுவாழ்வுக்கான மாநில அமைப்பு, மூடும் அறிவிப்பு வந்த பிறகுதான் உருவானது. நிலையங்கள் மூன்று ஆண்டுகள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற விதியும் இதற்குப் பிறகுதான் வந்தது. தொழிலாளரைக் காப்பதற்காகவே பொறுத்திருக்கிறோம் என்று கூறிய அரசுகள், அந்தத் தொழிலாளரிடம்தான் மிகப் பெரிய விலையை வாங்கின. 2017 பிப்ரவரியில் கருவூல அமைச்சர் ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்தில் ஒரு நிலக்கரிக் கட்டியைத் தூக்கிக் காட்டி, பயப்படாதீர்கள் என்றார். ஹேசல்வுட்டின் கடைசி வாரங்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன.

2019 ஏப்ரலில், பணி ஓய்வு பெற்ற தீயணைப்புத் தலைவர்கள் இருபத்துமூன்று பேர், பெருந்தீ வரப்போகிறது என்று எச்சரித்துப் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். மோரிசன் அப்போது பிரதமர். சந்திப்பு நடக்கவில்லை. அந்தக் கோடையில் 33 பேர் தீயில் இறந்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, சிட்னி நகரம் பல வாரங்கள் புகைக்குள் கிடந்தது. 2022 தேர்தலில் லிபரல் கட்சியின் பரம்பரைத் தொகுதிகளில் ஆறு புதிய பெண் சுயேச்சைகள் பருவநிலையை முன்வைத்து வென்றார்கள். அந்த ஆண்டே, 2030-க்குள் 2005-ன் அளவிலிருந்து 43 சதவீதம் குறைப்பது சட்டமானது. ஹாக் 20 சதவீதம் என்று அறிவித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உலக உமிழ்வில் ஆஸ்திரேலியாவின் பங்கு ஒரு சதவீத அளவுதானே, அது செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று கடைசியாக ஒரு வாதம் வரும். இன்று உலகெங்கும் கூரைகளில் இருக்கும் பேனல்களில் மிகப் பெரும்பகுதிக்கு வழிவகுத்த செல் வடிவமைப்பு, சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அவரிடம் படித்த ஷி ஜெங்ராங் 2001-ல் சீனாவில் தொடங்கிய சன்டெக் நிறுவனம்தான் அங்கே பேனல் தொழிலைப் பெருக்கியவற்றில் முன்னோடி. ஒரு சதவீத நாட்டின் ஓர் ஆய்வுக்கூடம் செய்த வேலை அது. மறுபக்கம், அந்த நாடு ஏற்றுமதி செய்யும் நிலக்கரியும் எரிவாயுவும் எரிக்கப்படும் இடங்களில் வெளிவரும் புகை, அதன் உள்நாட்டு உமிழ்வு மொத்தத்தையும் மிஞ்சும். சர்வதேச விதிப்படி அது வாங்கும் நாட்டின் கணக்கில் ஏறுகிறது, 43 சதவீதச் சட்டத்துக்குள் வருவதில்லை. வீட்டுக்கூரைக்குச் சான்றிதழ் கொடுத்ததுபோல் இந்த விஷயத்தில் சாதாரண மனிதர் பிடித்துக்கொள்ள எந்தப் பிடியையும் எந்த அரசும் இதுவரை கொடுக்கவில்லை. 2023 நவம்பர் இறுதியில், 1799-ல் வங்காளத்துக்குக் கப்பல் புறப்பட்ட அதே நியூகாசில் துறைமுக வாயிலில், ஆயிரக்கணக்கானோர் கூடிச் சிறு துடுப்புப் படகுகளால் நிலக்கரிக் கப்பல்களின் வழியை மறித்தார்கள். போலீஸ் அனுமதித்த முப்பது மணி நேரம் முடிந்தும் 109 பேர் தண்ணீரை விட்டு ஏறவில்லை. அவர்களைக் கைது செய்து கரையேற்றிய பிறகு கப்பல்கள் புறப்பட்டன.